வயிற்றுப் பிடிப்பு, பிளவு, குடலிறக்கம்: நாட்டு வைத்தியம் எதுவரை உதவும்?

காலபோக வெட்டு நடக்கும் தை, மாசி மாதங்களில் வன்னியில் எந்தப் பரியாரியாரின் திண்ணையில் போய் இருந்தாலும் ஒரே மாதிரியான முறைப்பாடு காதில் விழும். "மூட்டை தூக்கேக்க வயித்துக்க ஏதோ பிடிச்சது ஐயா, அண்டையில இருந்து நோகுது." முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பவர்களும் இதைச் சொல்வார்கள். வாட்டர் பம்பைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பால் நடப்பவர்களும், டிப்பருக்கு மணல் ஏற்றுபவர்களும், பிள்ளை பெற்று நாலைந்து மாதமான தாய்மாரும் சொல்வார்கள். எல்லோருக்கும் பெயர் ஒன்றுதான்: வயிற்று நோ. ஆனால் இவர்களில் கனபேருக்கு இரைப்பையிலும் குடலிலும் ஒரு குறையும் இருக்காது. வயிற்றை முன்னாலும் பக்கவாட்டிலும் மூடியிருக்கிற சுவர்தான் நோகும்.

இந்தச் சுவரில் வருகிற குறைகளுக்கு எங்கள் பக்கத்தில் எண்ணெய், ஒத்தடம், பற்று, கட்டு என்று பல வைத்தியங்கள் உண்டு. அவற்றில் சில நல்ல பலன் தருபவை. சில துணைக்கு மட்டும் உதவும். சில சந்தர்ப்பங்களில் அதே எண்ணெய்க் கை உயிருக்கு ஆபத்தாகிவிடும். எது எந்த இடம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சுவர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது

தோலுக்குக் கீழே கொழுப்புப் படை. அதற்குக் கீழே தசைகள். நெஞ்செலும்பின் அடியிலிருந்து இடுப்பெலும்பு வரை தொப்புளுக்கு இரண்டு பக்கமும் நெடுக்காக இறங்குகிற நேர்தசைகள் இரண்டு. பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தசைத் தட்டுகள். ஒன்றின் நார்கள் ஓடும் திசையில் மற்றது ஓடாது. நேர்தசைகள் இரண்டையும் நடுவில் சேர்த்துப் பிடிப்பது வெண்கோடு என்கிற நார்ப்பட்டை. எல்லாவற்றுக்கும் உள்ளே மெல்லிய ஒரு சவ்வு, அதற்குள் குடல்.

குளக்கட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது சுலபம். உள்ளே தண்ணீர் எப்போதும் தள்ளிக்கொண்டிருக்கும், கட்டு தாங்கிக்கொண்டிருக்கும். கட்டின் மேல்மண் அரிபட்டால் மண் போட்டுச் சரிசெய்யலாம். கட்டில் ஓட்டை விழுந்து தண்ணீர் வெளியேறத் தொடங்கினால் மேலே மண் பூசுவதால் ஒன்றும் ஆகாது.

வயிற்றுச் சுவரில் ஓட்டை விழக்கூடிய இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். ஆண்களுக்கு விதையின் நரம்பும் நாளமும் கீழே இறங்குகிற கவட்டு வழி. பெண்களுக்கு அதற்குச் சற்றுக் கீழே தொடையின் மேல்முனை. எல்லோருக்கும் தொப்புள். அப்புறம், எப்போதோ செய்த சத்திரசிகிச்சையின் தழும்பு. இருமல், மலச்சிக்கல், சிறுநீர் கழிக்க முக்குவது, பாரம் தூக்குவது என எது உள்ளழுத்தத்தைக் கூட்டினாலும் இந்த இடங்களில்தான் முதலில் தெரியும்.

நோவு சுவரிலா, உள்ளேயா?

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் கார்னெட் 1926இல் எழுதியது. இன்றைக்கும் வைத்தியர்கள் செய்கிறார்கள். பாயில் மல்லாந்து படுங்கள். நோகிற இடத்தை ஒரு விரலால் தொட்டு, இலேசாக அழுத்திப் பிடியுங்கள். விரலை எடுக்காமல், கையை ஊன்றாமல், தலையையும் தோளையும் பாயிலிருந்து உயர்த்துங்கள். இப்போது வயிற்றுத் தசை இறுகும். நோவு அப்படியே இருந்தாலோ கூடினாலோ அது சுவரின் நோவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நோவு குறைந்தால், இறுகிய தசை உள்ளே இருக்கிற உறுப்பை விரலிலிருந்து மறைத்துக் காக்கிறது என்று அர்த்தம். கோளாறு உள்ளே இருக்கக்கூடும். அப்படியானால் எண்ணெய்ப் போத்தலைத் திறக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும்.

அடுத்தது நின்றுகொண்டு செய்கிற சோதனை. கவட்டில், தொப்புளில், பழைய தழும்பில் உள்ளங்கையை வைத்து நன்றாக இருமிப் பாருங்கள். கைக்குள் ஏதாவது வந்து முட்டுகிறதா? படுத்தால் அந்தப் புடைப்பு மறைகிறதா? முட்டினால் அது பிடிப்பு இல்லை, குடலிறக்கம். ஹேர்னியா என்று கிளினிக்கில் சொல்வது இதைத்தான்.

முட்டவில்லை, காய்ச்சல் இல்லை, சத்தி இல்லை, மலம் வழக்கம்போலப் போகிறது, பாரம் தூக்கியதோ வலை இழுத்ததோ ஞாபகம் இருக்கிறது என்றால் அது அநேகமாகத் தசைப்பிடிப்பு. நாட்டு வைத்தியம் தன் முழுத் திறமையையும் காட்டுகிற இடம் இதுதான்.

பிடிப்புக்கு என்ன செய்வார்கள்

தசை நார் இழுபட்டோ சிறிதாகக் கிழிந்தோ இருக்கும். முதல் இரண்டு நாள் அந்த இடத்தில் உள்ளே இலேசான இரத்தக் கசிவும் வீக்கமும் இருக்கும். அந்த இரண்டு நாளும் சூடு வேண்டாம், நீவலும் வேண்டாம். ஓய்வும், துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடமும் போதும். அவசரப்பட்டு முதல் நாளே எண்ணெய் போட்டு உருவிவிடுவதால் கசிவு கூடி நோவு நீள்வதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அனுபவமுள்ள பரியாரிமார் இதை அறிவார்கள். "ரெண்டு நாள் கழிச்சு வா" என்று அனுப்புவார்கள்.

மூன்றாம் நாளிலிருந்து ஒத்தடம். வன்னியில் அதிகம் செய்வது உப்பு ஒத்தடம். ஆனையிறவுக் கல்லுப்பு இரண்டு கைப்பிடி எடுத்து மண்சட்டியில் இளந்தீயில் வறுப்பார்கள். முதலில் உப்பு படபடவென்று வெடிக்கும். வெடிப்பு அடங்கியதும் இறக்கி, பழைய வேட்டித் துணியில் கொட்டி முடிச்சுப் போடுவார்கள். முடிச்சை நோயாளியின் வயிற்றில் வைப்பதற்கு முன் வறுத்தவர் தன் முன்கையின் உட்பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அங்கே தாங்கமுடிந்தால்தான் வயிற்றுக்கு. முதல் சுற்றில் துணியை ஓர் இடத்தில் நிறுத்தாமல் தொட்டுத் தொட்டு எடுப்பார்கள்; சூடு சற்று இறங்கியபின் வைத்து எடுப்பார்கள். 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. உப்பு சூட்டை நெடுநேரம் பிடித்துவைக்கும், முடிச்சு வயிற்றின் வளைவுக்கு ஏற்ப அமரும். சூடு தசையை இளக்குகிறது, அந்த இடத்துக்கு இரத்தவோட்டத்தைக் கூட்டுகிறது. நோவு குறைவது அதனால்தான். நீரிழிவால் தோல் மரத்துப்போனவர்களுக்கு இதைச் செய்யும்போது மிகக் கவனம் தேவை. அவர்களுக்குச் சுடுவது தெரியாது, கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும்.

உப்புக்குப் பதிலாகத் தவிடு வறுத்தும் கட்டுவார்கள். குளத்தோரங்களில் கிடைக்கிற நொச்சியிலையை ஆமணக்கெண்ணெயில் வதக்கி, துணியில் பொதிந்து ஒத்துவது இன்னொரு முறை. நொச்சிக்கு வீக்கத்தைத் தணிக்கும் தன்மை இருப்பது ஆய்வுக்கூடச் சோதனைகளிலும் தெரியவந்திருக்கிறது. அடிபட்டு நீலம் பாரித்த இடமாக இருந்தால் மூசாம்பரத்தை, அதாவது காய்ந்த கற்றாழைப் பாலை, முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பற்றுப் போடுவார்கள். தோல் உரிந்திருந்தால் இந்தப் பற்றுப் போடக்கூடாது. எருக்கிலை வைத்துக் கட்டுகிறவர்கள் அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதை மறக்கக்கூடாது. நொச்சி இருக்கும்போது எருக்குக்குப் போகவேண்டிய தேவையும் இல்லை.

எண்ணெய் என்றால் நல்லெண்ணெய், இலுப்பையெண்ணெய், இல்லையென்றால் வைத்தியர் காய்ச்சித் தருகிற தைலம். கை நீவவேண்டும், தோண்டக்கூடாது. வயிற்றில் ஆழமாக அழுத்தி உருவுவதற்கு எந்தக் காரணமும் கிடையாது. இலேசான பிடிப்பு இரண்டு மூன்று கிழமையில் ஆறிவிடும். அதற்குள் திரும்பவும் உரப்பை தூக்கப் போனால் கணக்கை முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

இந்தப் பூச்சு வைத்தியங்களை நான் மதிப்பதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் காரணம் தெளிவாகாத நீண்டகாலச் சிறுநீரக நோய் இருக்கிறது. கமக்காரர்களைத்தான் அது அதிகம் பிடிக்கிறது. நோவென்றதும் பார்மசியில் டைக்குளோபெனாக் வாங்கி நாட்கணக்கில் போடுவது நலிந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். வெளியே செய்கிற ஒத்தடத்தால் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது. அதேவேளை, "இதுவும் வேர்தானே" என்று யாரோ தருகிற குடிமருந்து எல்லாம் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு என்று நினைக்கவேண்டாம். ஆடுதின்னாப்பாளையில் உள்ள ஒரு வகை அமிலம் சிறுநீரகத்தை அழிக்கக்கூடியது என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. பற்பம், செந்தூரம் போன்ற உலோகச் சேர்க்கையுள்ள மருந்துகளைப் பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் மட்டுமே வாங்கவேண்டும். இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த வைத்தியர்களும் பதிவாகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கைதடிச் சித்த மருத்துவப் பிரிவில் படித்துப் பட்டம் பெற்று வந்தவர்கள் பலர் வன்னியின் அரச சித்த வைத்தியசாலைகளில் இருக்கிறார்கள். பதிவு இலக்கத்தைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

குடலிறக்கம்: எண்ணெய் எட்டாத இடம்

சரி, இருமினால் கைக்குள் முட்டுகிறது. இனி என்ன?

இங்கேதான் அதிகமான ஏமாற்றம் நடக்கிறது. "ஒப்பரேசன் இல்லாமல் 48 நாளில் குடலிறக்கம் சுகம்" என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்குச் சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்கிற இலையோ எண்ணெயோ சூரணமோ இல்லை. இதைச் சொல்வதால் நாட்டு வைத்தியத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்கவேண்டாம். அதன் பழைய நூல்களே இதைச் சொல்லியிருக்கின்றன. சுஸ்ருத சம்ஹிதை ஏழு வகை அண்ட வீக்கங்களைச் சொல்கிறது. அதில் ஏழாவது, குடல் இறங்குவதால் வருவது. பாரம் சுமப்பதாலும், பலசாலியோடு மல்லுக்கட்டுவதாலும், மரத்திலிருந்து விழுவதாலும் குடலின் ஒரு பகுதி கவட்டுக்கு வந்து, கவனிக்காமல் விட்டால் விதைப்பைக்குள் இறங்கிவிடும் என்கிறது. அழுத்தினால் சத்தத்தோடு மேலே போகும், விட்டால் திரும்ப வீங்கும் என்றும் எழுதியிருக்கிறது. ஒரு நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து எழுதிய வரிகள் அவை. கடைசியில் அதை அசாத்தியம் என்று வகைப்படுத்துகிறது. மருந்தால் தீராது என்று அறிந்தவர்கள் அறியாததுபோல் நடிக்கவில்லை.

முள்ளியவளைப் பக்கம் வயதான பரியாரியார் ஒருவரிடம் ஒரு முறை போயிருந்தேன். முறிவு நெரிவு பார்ப்பதில் கைராசிக்காரர் என்று பெயர். மரம் அரிகிற ஒருவர் கவட்டைக் காட்டினார். பரியாரியார் அவரை நிற்கச் சொல்லி, இரண்டு விரலை வைத்து, "இருமு தம்பி" என்றார். பிறகு படுக்கச் சொன்னார். புடைப்பு உள்ளே போனதும், அதே இடத்தில் விரலை வைத்தபடி திரும்பவும் இருமச் சொன்னார். வேறொன்றும் செய்யவில்லை. "தம்பி, இது என்ர எண்ணெய்க்கு அடங்காது. வழி திறந்திட்டுது. கிளிநொச்சிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் சேஜன் டொக்டரிட்டக் காட்டு. பயப்பிடாத, தைச்சு விடுவினம்." காசும் வாங்கவில்லை. நல்ல வைத்தியருக்கு அடையாளம் என்னவென்று யாராவது கேட்டால் எனக்கு அந்த முற்றம்தான் ஞாபகம் வரும்.

சித்த வைத்தியத்தில் அண்டவாதம் என்கிற விதை வீக்கத்துக்குப் பெயர்போன மூலிகை கழற்சி. சாம்பல் நிறக் கொட்டையும் முள்ளுமாய்க் கடலோரப் பற்றைகளில் வளரும். அதன் இலையை ஆமணக்கெண்ணெயில் வதக்கி விதை வீக்கத்தில் கட்டுவார்கள். வீக்கத்தின் பாரமும் நோவும் தணிவதற்கு அது உதவும். குடல் இறங்கியிருக்கும்போது கட்டினால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். கச்சை கட்டுவதும் கடையில் விற்கும் பெல்ட் போடுவதும் அப்படித்தான்: சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்கும்வரை வேலையின்போது தாங்கிக்கொள்ள உதவலாம், ஆனால் குடல் உள்ளே போனபிறகு, படுத்திருந்தபடியே கட்டவேண்டும். வெளியே இருக்கும் குடலின்மேல் இறுக்கிக் கட்டினால் அதுவே அதை நசுக்கும்.

கண்டவுடன் எல்லோரும் கத்திக்கு ஓடவேண்டுமா? இல்லை. நோவு அதிகமில்லாத கவட்டுக் குடலிறக்கம் உள்ள ஆண்களை அமெரிக்காவில் ஓர் ஆய்வில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, காத்திருந்தவர்களில் குடல் திடீரென்று சிக்கிக்கொண்டது ஆண்டுக்கு 1000 பேரில் 2 பேருக்கும் குறைவு. ஆனால் அவர்களைப் பிறகும் தொடர்ந்து பார்த்ததில், 10 ஆண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர், பெரும்பாலும் நோவு கூடியதால், சத்திரசிகிச்சைக்கு வந்துவிட்டார்கள். ஆக, நெல் வெட்டு முடியும்வரை பொறுத்துவிட்டுச் செய்வது என்று ஒருவர் தன் வைத்தியரோடு பேசி முடிவெடுக்கலாம். பெண்களுக்குத் தொடையின் மேல்முனையில் வரும் குடலிறக்கத்துக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. அந்த வழி ஒடுக்கம். குடல் சிக்குவது சுலபம்.

காத்திருக்கிற காலத்தில்தான் நாட்டு வைத்தியத்துக்கு வேலை இருக்கிறது. முக்காமல் மலம் போக வைப்பது பெரிய உதவி. தண்ணீர், கீரை, பப்பாசிப்பழம், இரவில் அளவான கடுக்காய்த்தூள் போன்றவை இதைச் செய்யும். விடாத இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் குடிப்பவர்கள் உண்டு. இரண்டு கிழமைக்கு மேல் நீளும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம், ஏனென்றால் காசநோயை எந்தக் கஷாயமும் ஆற்றாது. பீடி, சுருட்டை விடவேண்டும். அது இருமலையும் கூட்டும், நாரையும் நலிவாக்கும், தைத்த காயம் ஆறுவதையும் கெடுக்கும்.

இனி வருவதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்கவேண்டும். வழக்கமாக உள்ளே போகிற புடைப்பு போகாமல் நின்று, கல்லுப்போல் இறுகி, தொடவிடாமல் நொந்தால் குடல் சிக்கிவிட்டது. கூடவே சத்தி, வயிறு ஊதல், காற்றும் பிரியாமை, தோல் சிவத்தல் அல்லது கறுத்தல் வரலாம். சிக்கிய குடலுக்கு இரத்தம் போகாது. சில மணித்தியாலங்களில் அது அழுகத் தொடங்கிவிடும். இந்த நேரத்தில் எண்ணெய் போட்டு உள்ளே தள்ளப் பார்ப்பது, ஒத்தடம், பேதிக்குக் கொடுப்பது மூன்றுமே கொல்லக்கூடியவை. பேதிக்குக் கொடுப்பது மிக மோசம். அடைபட்ட குடலை அது இன்னும் பலமாக முறுக்கிப் பிழிகிறது. தின்னவோ குடிக்கவோ கொடுக்காமல் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். துணுக்காய், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் போன்ற இடங்களிலிருந்து மாவட்ட வைத்தியசாலைக்குப் போய்ச்சேரவே நேரமெடுக்கும். "விடியட்டும் பாப்பம்" என்று சொல்ல இதில் இடமில்லை. பையனுக்குத் திடீரென்று விதை வீங்கி நோவதும் இதே அவசரம்தான். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் 6 மணித்தியாலத்துக்குள் விடுவிக்கவேண்டும்.

குழந்தையின் தொப்புளும் தாயின் வயிறும்

குழந்தைகளின் தொப்புள் அழும்போது பந்துபோல் தள்ளுவதைப் பார்த்துப் பதறவேண்டாம். தொப்புள் வழி இன்னும் மூடவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு 4, 5 வயதுக்குள் தானாகவே மூடிவிடும். காசை வைத்துத் துணியால் கட்டுகிற வழக்கத்தால் அது சீக்கிரம் மூடுவதில்லை. அடியில் தோல் அவிந்து புண்ணாகிறது, சீழ் பிடிக்கிறது. மூடினால் "காசு கட்டினதால சரியாப் போச்சு" என்று பெயர் காசுக்குப் போகும். குழந்தையின் கவட்டில் வரும் புடைப்பு வேறு. அது தானாக மூடாது, சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் அதிகம். கண்ட கிழமையே காட்டவேண்டும்.

தாய்மாருக்கு வருவது பிளவு. கர்ப்பத்தில் நேர்தசைகள் இரண்டும் விலகி, நடுவிலுள்ள வெண்கோடு மெலிந்து விரிகிறது. மல்லாந்து படுத்துத் தலையை உயர்த்தினால் நடுவில் ஒரு மேடு எழும்பும்; தொப்புளுக்கு மேல் விரலை வைத்தால் இரண்டு விரல், மூன்று விரல் இறங்கும். இது ஓட்டை இல்லை. பட்டை இருக்கிறது, தளர்ந்து போயிருக்கிறது. முதல் இரண்டு மாதத்தில் தானாகவே நன்றாகக் கூடிவரும்.

துடக்குக் காலத்தில் எங்கள் வீடுகளில் செய்வதில் நல்லது நிறைய இருக்கிறது. பாவட்டை, நொச்சி, வேம்பு அவித்த வேதுத் தண்ணீர் உளைவைத் தீர்க்கும். சரக்கு அரைத்த கறியும், பால்சுறா வறையும், முருங்கையிலையும் உடம்பைத் தேற்றும். பழைய நூல்சேலையால் வயிற்றைச் சுற்றிக் கட்டுவது இடுப்புக்குத் தாங்கலாக இருக்கும், எழும்பி நடக்கப் பயமில்லாமல் இருக்கும். ஆனால் இறுக்கக்கூடாது. மூச்சை இழுத்துவிட முடியாத அளவுக்கு இறுக்கினால் அழுத்தம் கீழே போய், ஏற்கெனவே தளர்ந்திருக்கிற கருப்பைத் தாங்கிகளைத் தள்ளும். சிசேரியன் காயம் உள்ளவர்கள் வைத்தியசாலையில் கேட்டபிறகே கட்டவேண்டும். காயத்தில் வேர்வை தங்கவிடக்கூடாது. பத்தியம் என்று பிள்ளைத்தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், முக்கவேண்டிவரும், விலகிய தசை கூடுவதற்குப் பதில் மேலும் விலகும். பாலுக்கும் தண்ணீர் வேண்டும்.

தசையைத் திரும்பக் கூட்டுவது மெதுவான பயிற்சிதான். மூச்சை விடும்போது தொப்புளை முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்து, பத்து எண்ணி விடுவதிலிருந்து தொடங்கலாம். தலையைத் தூக்கி எழும்பும் கடும் பயிற்சிகளும், படுக்கையிலிருந்து நேராக எழும்புவதும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு பக்கம் சரிந்து, கையை ஊன்றி எழும்பவேண்டும். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் வயிற்றைக் காட்டிக் கேட்கலாம்.

பழைய தழும்புகள்

வன்னியில் இதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். யுத்தத்தில் வயிற்றில் செல் துண்டும் சன்னமும் பட்டு, நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை நெடுக வெட்டித் தைக்கப்பட்டவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். 2009இன் முதல் மாதங்களில் அந்தச் சத்திரசிகிச்சைகள் மருந்தும் இடமும் ஆளும் இல்லாத தற்காலிக வைத்தியசாலைகளில் நடந்தன. உயிரைக் காப்பாற்றிய வெட்டுகள் அவை. அவசரத்தில் நடுக்கோட்டில் போட்ட இப்படியான வெட்டுகளில் பிற்காலத்தில் குடலிறக்கம் வருவது சாதாரணம். நல்ல வசதியுள்ள வைத்தியசாலைகளிலேயே பத்துப் பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வருகிறது. பலர் இதை வெளியில் சொல்லாமல் சறத்தை இறுக்கிக் கட்டி மறைத்துக்கொண்டு கூலிவேலைக்குப் போகிறார்கள். இதற்கும் வைத்தியம் இருக்கிறது, வருடங்கள் கழிந்தும் செய்யலாம்.

அப்படியான தழும்பில் யாரையும் அழுத்தி நீவ விடாதீர்கள். அடியில் குடல் தோலோடு ஒட்டியிருக்கலாம். உலோகத் துண்டு இன்னும் கிடக்கலாம். ஸ்கேன் எடுக்கச் சொன்னால் உடம்பில் துண்டு இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தம் சில உலோகங்களை இழுக்கும்.

ஏமாற்றுகிற நோவுகள்

விலாவிலிருந்து தொப்புள் வரை ஒரு பக்கம் மட்டும் பட்டிபோல் எரிந்து, சட்டை பட்டாலே கூசினால், நாலைந்து நாளில் அங்கே கொப்பளம் கிளம்பக்கூடும். அது அக்கி. காவி பூசுவது குளிர்ச்சி தரலாம். ஆனால் கொப்பளம் வந்த 72 மணித்தியாலத்துக்குள் வைரசுக்கான மாத்திரையைத் தொடங்குவதுதான் நல்ல பலன் தரும்.

பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால் "குடலேற்றம்" என்று எண்ணெய் தடவக் கொண்டுபோவது வழக்கம். சாதாரண வாயுவுக்கு அந்த இதமான தடவல் ஆறுதல் தரும். வலப்பக்க அடிவயிற்று நோ, காய்ச்சல், பச்சைச் சத்தி, விட்டுவிட்டு வீரிட்டு அழுதல், சிவந்த கூழ்போன்ற மலம் ஆகியவற்றில் எது இருந்தாலும் வயிற்றில் கை வைக்கவே வேண்டாம். மாடு முட்டி, சைக்கிள் கைபிடி குத்தி, மரத்தால் விழுந்து வயிற்றில் அடிபட்டவர்களுக்கும் இதுவே. மேலே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே மண்ணீரல் இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும்

அரச வைத்தியசாலையில் குடலிறக்கச் சத்திரசிகிச்சை இலவசம். கவட்டுக் குடலிறக்கத்துக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து, ஓட்டையை மெல்லிய செயற்கை வலை வைத்துத் தைப்பார்கள். திகதி கிடைத்ததும் நீங்கள் குடிக்கிற கஷாயம், சூரணம், லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். சில மூலிகைகள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும், சில சீனியை இறக்கும். வெட்கப்பட்டு மறைத்தால் மயக்கமருந்து கொடுப்பவருக்குத்தான் சிக்கல். எதை எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள்.

பிறகு நடமாட்டம் அடுத்த நாளிலிருந்தே நல்லது. பாரம் தூக்குவதை நாலு முதல் ஆறு கிழமை வரை விடவேண்டும். மலம் இறுகாமல் பார்ப்பதற்கு முன்பு சொன்ன உணவுகளே இப்போதும் கைகொடுக்கும். வலை வைத்தவர்கள் எண்ணெய் தேய்த்து முழுகலாமா என்று பலர் கேட்கிறார்கள். காயம் முற்றாக மூடி, பொருக்கு உதிர்ந்தபிறகு மேலாகப் பூசி முழுகலாம். அந்த இடத்தை மட்டும் அழுத்தி உருவவேண்டாம். காயம் சிவந்தால், சீழ் கசிந்தால், காய்ச்சல் கண்டால், பற்றுப் போட்டுப் பார்க்காமல் சத்திரசிகிச்சை செய்த அதே வார்டுக்கு அன்றைக்கே திரும்பிப் போகவேண்டும்.